கையெழுத்துப் போடாத ஒப்பந்தம்: செரோக்கி மக்கள் எதிர்த்த கதை

[திரையில்: ஜார்ஜியா வரைபடம், செரோக்கித் தலைநகர் நியூ எக்கோட்டா மீது ஒரு புள்ளி]

1838 மே 23. அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் ஊரைக் காலி செய்ய அமெரிக்க அரசு வைத்த கெடு. ஆனால் அந்த வசந்தத்தில் பெரும்பாலோர் மூட்டை கட்டவில்லை. எப்போதும்போல நிலத்தை உழுது மக்காச்சோளம் விதைத்தார்கள். தலைவர் ஜான் ராஸ் வாஷிங்டனில் பேசி எப்படியும் தடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 1827-லேயே தங்களுக்கென்று அரசியல் சட்டம் எழுதியவர்கள் இவர்கள். சிக்வோயா உருவாக்கிய சொந்த எழுத்திலும் ஆங்கிலத்திலும் 1828 முதல் 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற பத்திரிகை நடத்தினார்கள். நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோக்கி மண்ணில் செல்லாது என்று 1832-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார்.

தீர்ப்பை மதிக்க ஜார்ஜியாவுக்கும் மனமில்லை, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனுக்கும் மனமில்லை. அந்த மண்ணில் தங்கம் கிடைத்திருந்ததே! ஜார்ஜியா நிலத்தை அளந்து, துண்டு போட்டு, லாட்டரி குலுக்கி வெள்ளையருக்குக் கொடுத்தது. 1835-ல் வாஷிங்டனிலிருந்து திரும்பிய ராஸின் சொந்த வீட்டிலேயே வேறு யாரோ குடியிருந்தார்கள்.

[திரையில்: ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பக்கம்]

அதே ஆண்டு டிசம்பர் 29. செரோக்கித் தலைவர்களில் ஒருவரான மேஜர் ரிட்ஜ் தரப்பைச் சேர்ந்த ஒரு சிறு குழு, 50 லட்சம் டாலருக்குச் செரோக்கி நாடு முழுவதையும் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்து நியூ எக்கோட்டாவில் கையெழுத்திட்டது. ராஸும் கையெழுத்துப் போடவில்லை, செரோக்கி அரசும் ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால், அதை ஒப்பந்தம் என்று சொல்வதே தவறு. இருந்தும் செனட்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்று அது நிறைவேறியது.

செரோக்கிகள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டினார்கள். 15,000-க்கும் அதிகமான பெயர்களோடு மனு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது. மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 16,000 என்பதை வைத்துப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ஏற்கவில்லை.

கெடு முடிந்ததும் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படை வந்தது. துப்பாக்கி முனையில் குடும்பங்களை வீட்டிலிருந்து இழுத்துவந்து முகாம்களில் அடைத்தார்கள். முகாம்களிலும் மேற்கே போன வழியிலும் சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. வட கரோலினா மலைகளில் சிலர் பிடிபடாமல் தங்கினார்கள். இன்றைய கிழக்குச் செரோக்கி சமூகத்தின் முன்னோர்களில் அவர்களும் உண்டு.

[திரையில்: அமெரிக்க நாடாளுமன்றம், இன்று]

அந்த ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு, பிரதிநிதிகள் சபையில் செரோக்கிகளுக்கு ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்கிறது. 2019-ல் செரோக்கிகளின் அரசான செரோக்கி நேஷன் அதற்காக கிம்பர்லி டீஹீயை நியமித்தது. தங்கள்மேல் திணிக்கப்பட்ட அதே தாளைக் காட்டி அந்த இருக்கையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.