டிராயருக்குள் இருந்த நோட்டு
(திருப்பூரில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

2018 பிப்ரவரி 1. சரக்கு வண்டியோடு போக வேண்டிய இணையச் சீட்டான இ-வே பில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு நாடு முழுக்க ஒரே நாளில் கட்டாயமாவதாக இருந்தது. அன்றைக்கே இணையதளம் திணறிப் படுத்துவிட்டது. கட்டாயத்தைத் தள்ளிவைத்தார்கள். சரக்கோடு வாசலில் லாரியை நிறுத்திக்கொண்டு திரையையே பார்த்திருந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள்.

பிறகு எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பாருங்கள். ஏப்ரல் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு. மாநிலத்துக்குள் ஓடுவதற்கு முதலில் கர்நாடகம், அப்புறம் சில சில மாநிலங்களாக. நம் தமிழ்நாட்டுக்கு ஜூன் 2-இல்தான் வந்தது. விற்பனை பில்லை அரசு இணையதளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸும் அதே வழி. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மட்டும். பிறகு 100 கோடி, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். இந்த இரண்டின் மீதும் எனக்கு மனக்குறைகள் உண்டு. ஆனால் இரண்டும் நிலைத்துவிட்டன. ஒவ்வொரு படியிலும் கற்றுக்கொள்ள அவகாசம் இருந்தது.

நம் கம்பெனிகளில் புது சாஃப்ட்வேர் போடும்போது நாம் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. ஊரடங்கு காலத்தில் கணக்குப் பிரிவு வீட்டில் இருந்தது, சரக்கு வாங்கும் பையர் வாட்ஸப்பில் இருந்தார், சரக்கு கோடவுனில் இருந்தது. வேறு வழியில்லாமல் ராத்திரியோடு ராத்திரியாக சாஃப்ட்வேர் போட்டோம். அந்த வேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் பல பேருக்குக் கப்பலேற்றவே முடிந்திருக்காது.

அடுத்த வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு பார்க்கப் போன ஒரு பனியன் கம்பெனியில், கம்ப்யூட்டரில் காட்டிய துணி இருப்புக்கும் கோடவுனில் கிடந்த துணிக்கும் கொஞ்சமும் பொருத்தமில்லை. கோடவுன் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். பேசாமல் டிராயரைத் திறந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். தேதிவாரியாக எல்லாம் இருந்தது. சரியான கணக்கு அந்த நோட்டில்தான் இருந்தது.

ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை. "சார், சாயப்பட்டறைக்கு அனுப்புற எடை ஒண்ணு, திரும்பி வர்ற எடை ஒண்ணு. இந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு எடை போடத்தான் இடம் இருக்கு. நான் எதைப் போடுறது?"

அனுப்பும்போது ஒரு எடை, வந்தபின் ஒரு எடை, நடுவில் குறைந்தது எவ்வளவு. வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க்கின் உயிரே அந்த மூன்றில்தான் இருக்கிறது. சாயப்பட்டறை பில்லைச் சரிபார்ப்பதும் அதை வைத்துத்தான். சாஃப்ட்வேர் வாங்கியபோது முதலாளி இருந்தார், ஆடிட்டர் இருந்தார், விற்க வந்தவர் இருந்தார். தராசுக்குப் பக்கத்தில் நிற்பவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் நோட்டு போட்டதில் என்ன தப்பு? கம்பெனியைக் காப்பாற்றியதே அந்த நோட்டுதான் என்பேன்.

அவசரத்தில் போட்டது அப்படியே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, கணக்கைச் சுருக்கமாகக் காட்டி வரி கட்டும் 3பி படிவம் இடைக்கால ஏற்பாடு. நிரந்தரமாக இருக்க வேண்டிய 2-ஆம் படிவமும் 3-ஆம் படிவமும் நிறுத்தப்பட்டன. இடைக்காலமாக வந்த 3பி-யைத்தான் இன்றும் போடுகிறோம். உங்கள் கம்பெனியிலும் 2020-இல் "இப்போதைக்கு" என்று செய்த எக்ஸல் தாள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதைச் செய்த தம்பி வேலையை விட்டுப் போயிருப்பார். பாஸ்வேர்டு அவருடைய போனில் இருக்கும்.

அந்தக் கம்பெனியில் என்ன செய்தோம் என்றால், இரண்டு எடைக்கும் தனித்தனிக் கட்டம் வைக்கச் சொன்னோம். திரையைத் தமிழில் மாற்றினோம். அந்த அண்ணனே இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் நோட்டை உடனே பிடுங்கவில்லை. நோட்டும் கம்ப்யூட்டரும் தொடர்ந்து மூன்று மாதம் ஒத்துப்போனால் நிறுத்திக்கொள்ளலாம் என்று அவரிடமே விட்டோம். இரண்டாவது மாதம் ஒத்துப்போகவில்லை. திரும்பவும் முதலிலிருந்து எண்ணினோம்.

ஐந்தாவது மாத முடிவில் அவராகவே கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, கீழே தேதியும் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.