பசுவுக்கு எந்த நர்ஸம்மா வந்தாள்?

நடுவர் அவர்களுக்கும், மயிலாடுதுறைப் பெரியோர்களுக்கும், முன்வரிசையில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் அக்காவுக்கும் வணக்கம். வணக்கம் இவ்வளவுதான். எனக்குக் கொடுத்திருப்பது எட்டே நிமிடம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். தாய்ப்பால் கொடுக்கப் போகிறவளுக்குப் பெரிதும் கைகொடுப்பது முன்தயாரிப்பா, பக்கத்துணையா? நான் துணையின் பக்கம்.

எதிரணி அண்ணன் கைதட்டலை வாங்கிக்கொண்டு இப்போதுதான் உட்கார்ந்தார். என்ன சொன்னார்? "பசு கன்று போடுகிறது. எந்த நர்ஸம்மா வந்து அதற்குக் கற்றுக்கொடுத்தாள்? எந்த மாமியார் துணைக்கு உட்கார்ந்தாள்? இந்த அணிக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டும்!" நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன், அது வேறு.

அண்ணே, நீங்கள் பாக்கெட் பால் வாங்குகிறவர். தப்பில்லை. ஆனால் மாட்டைப் பற்றிப் பேசுமுன் மாடு வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் ஒரு கிடாரி. தலையீத்து. கன்று போட்டதும், மடியைத் தேடி வந்த கன்றை ஓர் உதை விட்டது பாருங்கள்! மடி கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, வலிக்காதா? அப்பா கன்றின் முதுகில் தவிட்டைத் தூவி நக்கவிட்டார். திமிலைத் தடவிக்கொண்டே, கன்றின் வாயைத் தன் கையாலேயே காம்புக்குக் கொண்டுபோனார். அம்மா வெந்நீரில் மடியைக் கழுவினாள். தம்பி பருத்திக்கொட்டை ஆட்டிக் கொண்டுவந்தான். பாட்டி ராத்திரி முழுக்கக் கம்போடு உட்கார்ந்து தெருநாயை விரட்டினாள். ஒரு மாட்டுக்கு நாலு பேர் துணை, அண்ணே! நர்ஸம்மா வரவில்லைதான். மாட்டு டாக்டர் வந்தார்.

இன்னும் கேளுங்கள். அந்த மாட்டின் சீம்பாலுக்குத் தெருவே சொம்போடு வந்து நின்றது. வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டுத் தின்றோம். அதே தெருவில் ஒருத்தி பிள்ளை பெற்றபோது, "மஞ்சளா வருதே, கெட்ட பாலு, பீய்ச்சிக் கீழ விடு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டினார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடு, ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் பெண்ணும் அதைப் படித்துத்தான் வைத்திருந்தாள். படித்து என்ன? ஊட்டுகிற சங்கு இன்னொருத்தர் கையில் இருந்ததே!

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் தயாராகாதவள் இல்லை. மாசமாக இருந்தபோதே நோட்டுப் போட்டு எழுதினேன், படம் வரைந்தேன், அட்டைகூடப் போட்டேன். பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் அறைக்குள் ஏழு பெண்கள். ஏழு பேரும் ஒரே குரலில், "பால் பத்தல." பூண்டு என்றார் ஒருவர், முருங்கைக்கீரை என்றார் இன்னொருவர். பெரியம்மா மட்டும் தீர்ப்பு மாதிரிச் சொன்னார்: "பால்சுறாப் புட்டு."

என் வீட்டுக்காரர் மீன் பக்கமே போகாத குடும்பம். காதல் கல்யாணம். மனைவிக்காக மார்க்கெட்டுக்குப் போனவர் மீன்காரம்மாவிடம் என்ன கேட்டார் தெரியுமா? "அம்மா, பால் குடுக்குற சுறா இருக்கா?" அந்தம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, சுறா பால் குடுக்காது. தின்னா வீட்டுல இருக்கிறவங்க குடுப்பாங்க." இவர் விடவில்லை. "அப்ப எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோ?"

நடுவர் அவர்களே, சிரிக்காதீர்கள், நேரம் போகிறது. அந்தச் சுறா வந்தது. யாருக்கும் சுத்தம் செய்யத் தெரியவில்லை. ஏழு பேர் சுறாவைச் சுற்றி நிற்கிறார்கள், பிள்ளையைச் சுற்றி ஒருத்தரும் இல்லை! "எத்தனை லிட்டருக்கு எத்தனை கிலோ" என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் கேட்டால் போதும், மனிதர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அன்று ராத்திரி இரண்டு மணி. காம்பு வெடித்து ரத்தம். பிள்ளையும் அழுகிறது, நானும் அழுகிறேன். ராத்திரி டியூட்டி நர்ஸம்மா வந்தார். ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். "தலையைத் தோள் பக்கம் முழுசாத் திருப்பிக்கிட்டு இதை முழுங்கு." முழுங்கிப் பார்த்தேன், பாதி மோவாயில் வழிந்தது. "முடியலல்ல? பிள்ளை உடம்பு மேல பார்த்துக் கெடக்கு, தலை மட்டும் உன் பக்கம். அது எப்படிக் குடிக்கும்?"

என் முழங்கைக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தார். பிள்ளையை வயிற்றோடு வயிறாகத் திருப்பினார். கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறக்கும்வரை பொறுத்து, கருவட்டமும் வாய்க்குள் போகும்படி அணைத்தார். சப்புக்கொட்டுகிற சத்தம் நின்று, முழுங்குகிற சத்தம் கேட்டது. "பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். பால் போதுமான்னு ஊரைக் கேக்காத. அஞ்சு நாள் கழிச்சு, ஒரு நாளைக்கு ஆறு துணி நனைஞ்சா போதும்."

நான் வரைந்து வைத்த படமும் இதேதான். ஆனால் படத்தில் இருந்த பிள்ளை அழவில்லையே, அண்ணே!

எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டுமா என்றீர்கள். பக்கத்தில் இருக்கிறது சீர்காழி. குளத்தங்கரையில் சம்பந்தர் அழுகிறார், தகப்பனார் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறார். பிள்ளைக்குப் பால் கொடு என்று பக்கத்தில் நின்று சொன்னது சிவபெருமான். அம்பாளுக்கே ஓர் ஆள் வேண்டியிருந்தது! அம்பாள் பாலைப் பொற்கிண்ணத்தில்தான் கொடுத்தாள். அதனால், பால் பீய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவளைக் கேலி பேசாதீர்கள். 2017 திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சட்டம் தருவது 26 வாரப் பேறுகால விடுப்பு. பிரசவத்துக்கு முன்னாலேயே எட்டு வாரம் எடுத்துவிட்டால் ஆறு மாதக் கணக்கு எங்கே நிற்கும்?

விடுங்கள். கணக்கு பேச நான் வரவில்லை.

"பால் பத்தல" என்றவர்களில் முதல் குரல் என் மாமியாருடையது. பையில் பால்மாவு டின்னும் வைத்திருந்தார். அன்று ராத்திரி நர்ஸம்மா செய்ததையெல்லாம் மூலையில் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளை சிணுங்கியது. நான் எழுவதற்குள் என் முழங்கைக்குக் கீழே இரண்டு தலையணை வந்துவிட்டது. வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"உன் புருசன் பொறந்தப்ப எனக்கும் இப்படித்தான் வெடிச்சுது. பால் இல்லாதவன்னு சொல்லி, மாருல மல்லிப்பூ வச்சுக் கட்டி வத்த வச்சுட்டாங்க. கஞ்சித் தண்ணி ஊத்தித்தான் வளத்தேன். முப்பத்திரண்டு வருசமா நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரம் பிள்ளை முழுங்குகிற சத்தம் மட்டும்.

"எனக்குப் பால் இல்லாம இல்லம்மா. ஒரு தலகாணிதான் இல்ல."

மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன். அத்தை இரண்டாவது வரிசையில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறார். தீர்ப்புச் சொல்லும்போது அந்தப் பக்கம் பார்க்காதீர்கள் ஐயா, அழுதுவிடுவார்.