வாசல் யாருக்கு? லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகர் லிட்டில் ராக். அங்குள்ள சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி 1927இல் திறக்கப்பட்டது. ஆன செலவு 15 லட்சம் டாலர். பணக்காரர்களின் தனியார் பள்ளி அல்ல, ஊர்ப் பொதுப் பள்ளி. நாட்டிலேயே அழகான உயர்நிலைப் பள்ளி இதுதான் என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம் பாராட்டியது.

பாராட்டு தகும். பழுப்புச் செங்கல் கட்டடம் இரண்டு தெரு நீளத்துக்கு விரிந்து கிடக்கிறது. கூர்வளைவுகள் கொண்ட பழைய ஐரோப்பிய கோதிக் பாணியும், 1920களில் பரவிய ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணியும் அதில் கலந்திருக்கின்றன. எதிரே தடாகம். முன்வாசலுக்கு இரண்டு பக்கமிருந்தும் படியேறலாம். வாசலுக்கு மேலே நான்கு சிலைகள்: இலட்சியம், ஆளுமை, வாய்ப்பு, ஆயத்தம்.

இவ்வளவும் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். கறுப்பினப் பிள்ளைகளுக்கு 1929இல் டன்பார் பள்ளி வந்தது. சென்ட்ரலை வடிவமைத்தவர்களில் சிலரே அதையும் வடிவமைத்தார்கள். அக்கா தங்கை போல முகஜாடை தெரியும். செலவு மட்டும் 4 லட்சம் டாலர், அதிலும் ஒரு பங்கு, கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு உதவிய ரோசன்வால்டு அறநிதி தந்தது.

இனவாரியாகப் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1957 செப்டம்பர் 4 அன்று ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரலுக்கு வந்தார்கள். மாநில ஆளுநர் ஃபாபஸ் நிறுத்திய தேசியக் காவற்படை அவர்களை மறித்தது. 15 வயது எலிசபெத் எக்ஃபோர்டு தனியாக வந்து மாட்டிக்கொண்டார். கூச்சலிடும் கும்பலுக்கு நடுவே அந்தப் பெண் நடந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு பொறுப்பதில்லை. 23ஆம் தேதி பக்கவாட்டுக் கதவு வழியாக ஒன்பது பேரும் உள்ளே போனார்கள். வெளியே கும்பல் பெருகவே, அன்றே அவர்களை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அப்புறம் அதிபர் ஐசனோவர் ராணுவத்தின் 101ஆவது வான்வழிப் படைப் பிரிவை அனுப்பினார். 25ஆம் தேதி ராணுவக் காவலோடு முன்படி ஏறி, அந்த நான்கு சிலைகளுக்குக் கீழே நுழைந்தார்கள்.

ஒரு கட்டடத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் செங்கல்லையும் வளைவையும் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. எந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதுவும் கட்டடக்கலைதான்.

1958 மே மாதம் அந்த ஒன்பது பேரில் ஒருவரான எர்னஸ்ட் கிரீன் அங்கே பள்ளிப் படிப்பை முடித்தார், அப்படி முடித்த முதல் கறுப்பின மாணவர். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளியை மூடுவதே மேல் என்று நினைத்த ஆளுநர், 1958-59 கல்வியாண்டு முழுக்க ஊரின் உயர்நிலைப் பள்ளிகளை மூடிவைத்தார்.

1998 முதல் சென்ட்ரல் பள்ளி தேசிய வரலாற்றுத் தலம். இன்றும் வகுப்புகள் நடக்கின்றன. ஆகவே உள்ளே சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் எதிரே உள்ள பார்வையாளர் மையத்தில் முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். நன்றி, வணக்கம்.