அரசிதழில் கேட்டால் ஊருக்குக் கேட்குமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தருமபுரிப் பெருமக்களே, வணக்கம்.

ஊராட்சிகளைக் கலைத்து நகராட்சியோடு சேர்க்கும் முன் அரசு நடத்தும் கருத்துக் கேட்பு பயனுள்ளதா, பெயரளவுக்கா? பெயரளவுக்குத்தான் என்பது எங்கள் அணி. இணைப்பு நல்லதா கெட்டதா என்பது வேறு பட்டிமன்றம். அதை நடுவர் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளட்டும்.

எதிரணித் தலைவர் அழகாகச் சொன்னார்: "அரசிதழில் போடுகிறார்கள், ஆறு வாரம் தருகிறார்கள், எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?" ஐயா, அந்த ஆறு வாரம் 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இருந்த கணக்கு. ஊர் கூடிப் பேசும் இடம் கிராம சபை. அது வழக்கமாகக் கூடுவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மே 2-ஆம் தேதி அறிவிக்கை வந்தால் 42 நாள் ஜூன் 13-இல் முடிந்துபோகும். அடுத்த சபை ஆகஸ்ட் 15! கொடி ஏற்றி மிட்டாய் கொடுக்கலாம், ஆட்சேபனை கொடுக்க முடியாது.

சிறப்பு கிராம சபை கூட்டலாமே என்பார்கள். கூட்டலாம். 3,000 பேர் உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். சரி, வருகிறார்கள். கூட்டுவது யார்? நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பிறகு அந்த நாற்காலியில் தனி அலுவலர். அரசு ஊழியரான அவர், அரசின் அறிவிக்கைக்கு எதிராகத் தீர்மானம் எழுதி அதே அரசுக்கு அனுப்புவாரா? மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் ஒரே ஆள் நின்று தாம்பூலம் மாற்றுவது போல இருக்கிறது!

அடுத்து, எதைப் பற்றிக் கருத்துச் சொல்வது? அறிவிக்கை என்றால் ஊர்ப் பெயர், எல்லை, மக்கள்தொகை. வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது வேறு கணக்கு. சொத்து வரி ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டுக்கு ஒருமுறை எவ்வளவு வரும்? சும்மா கிடக்கும் மனைக்குக் காலியிட வரி எவ்வளவு? நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற கிராமப்புற வேலை நகராட்சிக்குள் கிடையாது. வேலை அட்டை வைத்திருப்பவர் என்ன செய்வார்?

ஓட்டுக் கணக்குக்கு வருகிறேன். தருமபுரி நகராட்சியில் 33 வார்டு. 2011 கணக்கெடுப்பில் 68,619 பேர். ஒரு கவுன்சிலருக்குச் சுமார் 2,000 பேர். ஊராட்சியாக இருந்தால், தேர்தல் நடக்கும்போது 3,000 பேர் ஊருக்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவரும் வார்டு உறுப்பினர்களும் உண்டு. இணைந்துவிட்டால் அது ஒன்றரை வார்டு. அந்த அரை, பக்கத்து ஊரோடு ஒட்டிக்கொள்ளும். நகராட்சித் தலைவரையோ நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டு வரையறை வருவது இணைப்புக்குப் பிறகு. ஆக, கருத்துச் சொல்லும் நாளில் நம் தெரு எந்த வார்டு என்றே நமக்குத் தெரியாது.

உச்ச நீதிமன்றம் 1987-லேயே, பல்தேவ் சிங் எதிர் இமாச்சலப் பிரதேச அரசு வழக்கில் இதைத் தொட்டது. கிராமத்தை நகர எல்லைக்குள் இழுத்தால் வரிச்சுமை கூடும், வாழ்க்கை முறை மாறும். சட்டத்தில் அப்படி ஒரு விதி எழுதப்படாவிட்டாலும் குடியிருப்பவர்களைக் கேட்டாக வேண்டும் என்றது. விளைவைச் சொல்லாமல் கேட்டால் அது கேட்டதாகுமா? எத்தனை மனு வந்தது, எந்தக் காரணத்துக்கு என்ன பதில் என்று ஊராட்சிவாரியாக ஒட்ட வேண்டாமா? 'பரிசீலிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லில் மொத்த மனுக்களையும் மூடிவிடலாம் என்றால் மனு எழுதிய காகிதம்தான் வீண்.

மணி அடித்துவிட்டது, ஒரு நிமிடம். ஃப்ளூரைடு நிலத்தடி நீரால் பல் காவியேறி, மூட்டு மடங்காமல் தவித்த மாவட்டம் நம்முடையது. ஒகேனக்கல் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு வந்தும், டேங்க் ஆபரேட்டர் வால்வைத் திறந்தால்தான் தெருக்குழாயில் வரும். திறக்காத நாளில் மறுபடி போர் தண்ணீர். தலைவர் இருந்தால் காலிக் குடத்தோடு அவர் வாசலில் போய் நிற்கலாம். இணைந்த மறுநாள் காலை அந்த வால்வை யார் திறப்பார், வராவிட்டால் யார் வாசலில் நிற்பது? அறிவிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அடுத்துப் பேசுகிற எதிரணி நண்பர் சொல்லட்டும். பக்க எண்ணைச் சொன்னால் நான் அவர் அணியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.