‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என் காதில் ஏறவில்லையே? ஒரு நேயருக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். திருச்சியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். “ஐயா, போன வீடியோவில் உங்களுக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் நீங்கள் முதலிடம் கொடுத்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஜாஸ் ஆல்பத்தை இரண்டு முறை கேட்டுவிட்டேன். வேலை பார்த்துக்கொண்டே போனில் ஓடவிட்டேன். பெரிய ஹோட்டல் லிஃப்டில் போடும் இசை மாதிரிதான் இருந்தது. என் காதில் ஏதாவது கோளாறா? உலகமே கொண்டாடும் பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ உங்கள் பட்டியலில் ஏன் இல்லை? நம் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட இல்லையே?” மூன்று கேள்வியை ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்.

உங்கள் காது நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. போன் ஸ்பீக்கர்தான் ஏமாற்றியிருக்கிறது. அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஸோ வாட்’. அதில் மெட்டை வாசிப்பது டிரம்பெட்டும் இல்லை, சாக்ஸபோனும் இல்லை. பால் சேம்பர்ஸின் பேஸ், அதாவது கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம். பேஸ் ஒரு வரியில் கேள்வி கேட்கும், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் ‘ஆமாம்’ போடுவார்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் அநேகமாக வெளியே வராது. ஆக நீங்கள் கேட்டது வெறும் ‘ஆமாம், ஆமாம்’ மட்டும்தான். லிஃப்ட் மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

இயர்போன் போட்டு இன்னொரு முறை கேளுங்கள். ஒன்றரை நிமிடம் வாக்கில் மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட்டில் தனியாக வாசிக்கத் தொடங்குவார். அந்த இடத்தில் டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில், அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டில், ஒரு தட்டு தட்டுவார். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்ட தட்டு. அது அப்படியே காற்றில் நின்று மெதுவாகக் கரையும். நான் இந்த ஆல்பத்துக்குள் போன வாசல் அந்தச் சிம்பல்தான்.

சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அந்தப் பாட்டு 2 கட்டையில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களை வைத்துக்கொண்டு 16 பார் (ஒரு பார் என்பது நாலு எண்ணிக்கை) ஓடும். பிறகு எல்லாரும் சேர்ந்து அரைக்கட்டை ஏறி 8 பார். மறுபடி இறங்கி 8 பார். இவ்வளவுதான் பாட்டு. ஸ்வரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கமகமும் கிடையாது, நம் பிடிகளும் கிடையாது. ஆனால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) மாறிக்கொண்டே ஓடும் ஜாஸைக் கேட்டு மூச்சு முட்டுகிறவர்களுக்கு, ஒரே இடத்தில் உட்கார்ந்து யோசிக்கும் இந்த இசை நமக்குத் தெரிந்த வீடு மாதிரி இருக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் படித்த காலத்தில் கேசட் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. 90 நிமிட காலி கேசட்டைக் கொடுத்தால் பக்கத்துக்கு ஒரு ஆல்பமாகப் பதிந்து தருவார்கள். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 45 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். என் கேசட்டில் கடைசிப் பாட்டின் வால் வெட்டுப்பட்டிருக்கும். அது அப்படித்தான் முடிகிறது என்றே பல வருடம் நினைத்திருந்தேன். இன்னொரு வேடிக்கை: 1959 மார்ச் 2-ம் தேதி பதிவில் ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதி ஏறிவிடும். அதனால் இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி சற்றே ஏறிப்போய்த்தான் பல ஆண்டுகள் விற்பனையானது. 1992-ல்தான் திருத்தினார்கள். என் கேசட் அதற்கு முந்தையது. இன்றைக்கும் திருத்திய பதிப்பைக் கேட்டால், ‘என்ன, சுருதி இறங்கியிருக்கிறதே’ என்றுதான் எனக்குத் தோன்றும்!

சரி, ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஏன் இல்லை? இதற்கு என் பலவீனத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து வாசிப்பது காதில் விழ வேண்டும் எனக்கு. அந்த அறையின் காற்று கேட்க வேண்டும். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவான இடம் நியூயார்க்கில் 30-வது தெருவில் இருந்த ஒரு பழைய தேவாலயம். கொலம்பியா நிறுவனம் அதை ஸ்டுடியோ ஆக்கியிருந்தது. உயரமான கூரை, மரத் தரை. அந்தச் சிம்பல் காற்றில் நிற்பது அந்தக் கூரையின் தயவுதான் என்று நினைக்கிறேன்.

அதே கட்டடத்தில்தான் 1955 ஜூனில், 22 வயது பியானோ கலைஞர் கிளென் கூல்ட், ஜெர்மன் இசைமேதை பாஹ் எழுதிய ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ஸைப் பியானோவில் பதிந்தார். தடதடவென்று 38 நிமிடத்தில் முடித்துவிடுவார். 1981-ல் திரும்பவும் அதே கட்டடத்துக்கு வந்து அதே பாஹை வாசித்தார். இந்த முறை 51 நிமிடம். தொடக்கத்தில் வரும் ‘ஆரியா’ என்ற மெட்டு முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிடும். இரண்டாவதில் மூன்று நிமிடம் எடுக்கும். எல்லாரும் 1955-ஐத்தான் தூக்கிவைத்துப் பேசுவார்கள். நான் 1981 கட்சி. இளவயதுக் கூல்ட் என்னால் எவ்வளவு முடியும் பார் என்கிறார். 48 வயதுக் கூல்ட் ஒவ்வொரு ஸ்வரத்தையும் போக விட மனமில்லாமல் வாசிக்கிறார். பின்னணியில் அவர் முனகிக்கொண்டே வாசிப்பதும் கேட்கும். சிலருக்கு அது எரிச்சல். எனக்கு அது இல்லாவிட்டால் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். 1982-ல் அந்த ஆல்பம் வெளிவந்த கொஞ்ச நாளிலேயே கூல்ட் இறந்துபோனார். ஸ்டுடியோவும் மூடப்பட்டுக் கட்டடமே போய்விட்டது.

இந்தக் காதோடு ‘சார்ஜென்ட் பெப்பர்’ பக்கம் போனால் என்ன ஆகும்? பீட்டில்ஸ் 1966 நவம்பரில் தொடங்கி ஐந்து மாதம் உழைத்த ஆல்பம் அது. நாலே ஒலித்தடம் உள்ள டேப் மெஷினை வைத்துக்கொண்டு அடுக்கு மேல் அடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பொறியியலுக்கு ஒரு கும்பிடு. ‘எ டே இன் த லைஃப்’ முடிவில் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் விழும் அந்த ஒரு கார்டு, அது முக்கால் நிமிடம் கரைவது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் மொத்தமாகக் கேட்கும்போது அலங்கரித்த கொலுப்படி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு பொம்மையும் அழகு. யாரும் அங்கே குடியிருக்கவில்லை. என்னைக் கேட்டால் அவர்களுடைய முதல் ஆல்பம் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’யை எடுப்பேன். 14 பாட்டில் 10 பாட்டை 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிந்தார்கள். ஜான் லெனனுக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’டைக் கடைசியாக வைத்திருந்தார்கள். கேளுங்கள், அந்தக் குரலில் நாள் முழுவதும் பாடிய களைப்பு அப்படியே இருக்கும். இரண்டும் பெரும்பாலும் லண்டனில் அதே அபி ரோடு ஸ்டுடியோதான். இதற்குக் கீழே என்னைத் திட்டி எழுதப் போகிறீர்கள், எழுதுங்கள்.

“அப்படியானால் ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் த மூன்’ மட்டும் பட்டியலில் எப்படி?” என்று மடக்கலாம். 1973-ல் வந்த அதுவும் அடுக்கிக் கட்டியதுதான். ‘மணி’ பாட்டு ஏழு எண்ணிக்கையில் போவதைத் தாளம் போட்டுப் பார்த்து, ‘அட, நம்ம மிஸ்ர சாபு’ என்று குதிக்கும் கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது அதில் பெரிய கிளர்ச்சி இல்லை. எனக்கு அந்த ஆல்பம் என்றால் ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’தான். கிளேர் டோரி என்ற பாடகியைக் கூப்பிட்டு, வார்த்தை இல்லாமல் பாடு என்றார்கள். அவர் கதறிவிட்டுப் போனார். கூலி 30 பவுண்டு. தான் பாடியதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைத்திருந்தார். பின்னாளில் அந்தப் படைப்பில் தனக்கும் பங்கு வேண்டும் என்று 2004-ல் வழக்குப் போட, அடுத்த வருடம் சமரசமாகி அவர் பெயரும் சேர்ந்தது. அத்தனை அடுக்குக்கு நடுவே ஒரு மனுஷி நிற்கிறார் பாருங்கள். அதற்காக என் விதியைத் தளர்த்திக்கொண்டேன்.

இந்த விதி என்னை ஒருமுறை முட்டாளாக்கவும் செய்தது. ஜானி கேஷ் 1968 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபால்சம் சிறைக்குள் போய்ப் பாடிய கண்ட்ரி (அந்த ஊர் கிராமிய பாணி) ஆல்பம். சாப்பாட்டுக் கூடத்தில் கைதிகள் நடுவே பதிவு. ரீனோ ஊரில் ஒருவனைச் சுட்டேன் என்ற வரிக்குக் கைதிகள் ஓவென்று கத்துவார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கூச்சல் பிறகு ஸ்டுடியோவில் ஒட்டியது! அறை, அறை என்று பேசுகிற எனக்கு இது நன்றாக வேண்டும். ஆனாலும் ஆல்பத்தை விடவில்லை. கடைசிப் பாட்டை எழுதியவர் அங்கே இருந்த கைதி கிளென் ஷெர்லி. தன் பாட்டைக் கேஷ் பாடப்போகிறார் என்று தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதை எந்த ஸ்டுடியோவிலும் ஒட்ட முடியாது.

ஹெவி மெட்டல் கேட்பவர்களுக்கு ஒரு வரி: பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பம். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிந்தது. தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல் நுனி போன டோனி அயோமி, பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு கிதார் வாசித்தார். அந்தக் கனம் வேறு யாருக்கும் வரவில்லை.

ஹிப்ஹாப்பில் ராப் பாடகர் நாஸின் ‘இல்மாட்டிக்’. 1994. 10 டிராக், 40 நிமிடம்கூட இல்லை. அப்போது அவருக்கு 20 வயது. இதில் அறையே கிடையாதே, எல்லாம் பழைய பதிவுகளிலிருந்து வெட்டி ஒட்டிய சாம்பிள்தானே என்பீர்கள். ‘நியூயார்க் ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பியானோ, ஒரு பழைய ஜாஸ் இசைத்தட்டிலிருந்து டிஜே பிரீமியர் வெட்டியெடுத்தது. வேறு ஒரு வருடத்தின் அறைக்காற்றும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. அதன் மேல் இந்தப் பையன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையே என்று முனகிவிட்டு, மூச்சு விடாமல் பாடுகிறான். அந்த முனகலையும் அழிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்கள் விஷயம். போன வீடியோவில் விட்டது என் தப்புதான். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினின் ‘சக்தி’ குழு 1975-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் வாசித்து அடுத்த வருடம் வெளிவந்த ஆல்பம் இருக்கிறது. வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபேலா ஜாகிர் உசேன், மிருதங்கம் ராகவன். முதல் பாட்டு ‘ஜாய்’ வேகத்துக்கு எல்லாரும் வாய் பிளப்பார்கள். நான் நேராக இரண்டாவது பாட்டு ‘லோட்டஸ் ஃபீட்’டுக்குப் போய்விடுவேன். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம். அதில் ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்ற பாட்டில் பாஹ் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டா ஓடிக்கொண்டிருக்க, அதன் மேல் நம்முடைய வயலின் வந்து பேச்சுக் கொடுக்கும். முழு ஆல்பத்தையும் ஒரு மூச்சில் கேட்பதைவிட இந்த ஒன்றையே மூன்று முறை கேட்பேன்.

ஆக தம்பி, இன்றைக்கு ராத்திரி எல்லாரும் தூங்கினதும் இயர்போனை மாட்டிக்கொண்டு ‘ஸோ வாட்’டைப் போடுங்கள். சிம்பல் கேட்டதா இல்லையா என்று எழுதுங்கள். சரி, அடுத்தது டர்ன்டேபிள் ஊசி மாற்றுவது பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது…