இரண்டாவது கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சியில் அரசியல் செய்தியாளர் ஆவது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முகத்தில் பவுடர் பூசாமல், காதுக்குள் யாரும் கத்தாமல் பேசக் கிடைத்த வாய்ப்பு. அதனால் உடனே ஒத்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "சார், ஸ்கிரீனில் எப்போது முகம் வரும்?" முகம் சீக்கிரமே வந்துவிடலாம். இப்போது இருக்கும் சேனல்களின் எண்ணிக்கைக்கு அதில் பெரிய சிரமமில்லை. நான் பார்ப்பது வேறு. இரண்டாவது கேள்வி எப்போது வருகிறது என்று பார்ப்பேன்.

ஓர் அமைச்சரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியை டெஸ்க்கில், அதாவது அலுவலகத்துக்குள் செய்தியைத் தொகுக்கும் பிரிவில், இருப்பவரே எழுதிக் கொடுத்துவிடலாம். அதை மைக்கை நீட்டி ஒப்பித்துவிடலாம். அமைச்சர், "இந்தத் திட்டத்துக்குப் போதுமான நிதி ஒதுக்கியிருக்கிறோம்" என்கிறார். நேற்று வந்த செய்தியாளர் தலையாட்டிவிட்டுப் பட்டியலில் உள்ள அடுத்த கேள்விக்குப் போவார். ஊறிப்போன செய்தியாளர், "போன வருஷம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது?" என்பார். அந்தக் கேள்வியை யாரும் எழுதித் தரமுடியாது. பதிலைக் காதில் வாங்கிய அந்த நொடியில் அது வாய்க்கு வரவேண்டும். அப்படி வருவதற்குப் பல வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

பலருக்குத் தொடக்கம் டெஸ்க். ஏஜென்சி செய்தியைச் சுருக்குவது, திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோல் போடுவது, செய்தியாளர் அனுப்பிய பைட்டை, அதாவது பதிவான பேச்சை, கேட்டு எழுதுவது. வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைத் தண்டனைக் காலமாக நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தலைவர் முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். அதில் இருபது வினாடியை வெட்டி எடுக்க வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தால், மனிதர் எங்கே நழுவுகிறார் என்பது பச்சையாகத் தெரியும். "உங்கள் கேள்விக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஒன்று" என்பார், வரவே மாட்டார். கேட்டது ஒரு மாவட்டத்தைப் பற்றி இருக்கும். பதில் நாட்டைப் பற்றி இருக்கும். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்பார். அப்படிச் சொன்னீர்களா என்று யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். எடிட் அறையில் இந்த நழுவல்களை ஒரு நூறு பார்த்தவருக்கு, நேரில் நிற்கும்போது நூற்றோராவது உடனே பிடிபட்டுவிடும்.

போர்முனைச் செய்திகளுக்குப் பேர்போன கிறிஸ்டியன் அமன்பூர் 1983-ல் அமெரிக்காவின் சிஎன்என் நிறுவனத்தில் சேர்ந்தது அட்லாண்டாவில் சர்வதேச டெஸ்க்கின் உதவியாளராகத்தான். உலகம் அவரைத் தெரிந்துகொண்டது 1990-91 வளைகுடாப் போர்ச் செய்திகளில். பார்பரா வால்டர்ஸ் 1961-ல் என்பிசி என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் காலை நிகழ்ச்சிக்கு எழுதிக் கொடுப்பவராகப் போனார். 1976-ல் போட்டி நிறுவனமான ஏபிசி அவரை ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் பேசி அழைத்துப்போய் மாலைச் செய்தியில் உட்கார வைத்தது. அமெரிக்காவின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். பக்கத்து நாற்காலிக்காரர் ஹாரி ரீசனருக்கு அது பிடிக்கவில்லை என்பது கேமராவிலேயே தெரிந்தது. ஜோடி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஆனால் 1977-ல் எகிப்து அதிபர் சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேட்டி எடுத்தவரும் அதே வால்டர்ஸ்தான். பெரிய சம்பளம் செய்தியானது. அதற்கு முந்தைய பதினைந்து வருஷ உழைப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்தது பீட், அதாவது ஒரு செய்தியாளர் தொடர்ந்து கவனிக்க வேண்டிய களம். ஒரு கட்சி அல்லது தலைமைச் செயலகம், இல்லையென்றால் சட்டமன்றம். இந்தக் கட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரசியல் செய்தியாளர் உருவாவது இங்கேதான்.

வெளியிலிருந்து பார்த்தால் பீட் என்பது காத்திருப்பது. கட்சி அலுவலக வாசலில் மூன்று மணி நேரம் நிற்பார்கள். தலைவர் காரிலிருந்து இறங்கிக் கதவுக்குப் போக எட்டு அடி தூரம் இருக்கும். அந்த எட்டு அடிக்குள் பதினைந்து மைக்குகள் முட்டிமோதும். கேமராமேன் பின்னால் நடந்துகொண்டே படம் பிடிப்பார். அவர் தடுக்கி விழாமல் இருக்க ஒருவர் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். அங்கே நீளமாகக் கேள்வி கேட்பவருக்குப் பதில் கிடைக்காது. "ஐயா, சமீபத்தில் நடந்த நிகழ்வுகளின் பின்னணியில் தாங்கள்..." என்று இழுப்பதற்குள் ஐயா உள்ளே போயிருப்பார். "கூட்டணி தொடருமா?" இரண்டே வார்த்தை. நின்று பதில் சொன்னாலும் செய்தி, சொல்லாமல் முறைத்துவிட்டுப் போனாலும் படம். அனுபவசாலிகள் இன்னொன்றையும் கவனிப்பார்கள்: காரிலிருந்து கூடவே இறங்கியவர் யார், வழக்கமாக வருகிறவர் ஏன் இன்று வரவில்லை. அன்றைய உண்மையான செய்தி பல தடவை அதில்தான் இருக்கும்.

ஆள் பழக்கம் பாதிதான். தாள் பழக்கம் மீதி. பட்ஜெட் உரையை எல்லோரும் கேட்பார்கள், அதோடு வரும் இணைப்புப் புத்தகங்களைப் பிரிப்பவர்கள் சிலரே. தணிக்கை அறிக்கை, மசோதாவின் உட்பிரிவு, வேட்பாளரின் சொத்து விவரம், அவைக் குறிப்பு, இவையெல்லாம் படிக்கச் சுவையில்லாதவை. ஆனால் "போன வருஷம் எவ்வளவு செலவானது" என்ற கேள்வி இங்கிருந்துதான் கிளம்புகிறது. பிரணாய் ராய் கணக்காளர் படிப்பும் பொருளாதாரப் படிப்பும் முடித்து, எண்களைப் பிடித்துக்கொண்டு 1980-களில் தூர்தர்ஷனின் தேர்தல் ஒளிபரப்புக்குள் வந்தார். இத்தனை சதவீத வாக்கு இடம் மாறினால் இத்தனை தொகுதி கைமாறும் என்று சாதாரணப் பார்வையாளருக்குச் சொல்லிக் கொடுத்தது அவரைப் போன்றவர்கள்தான். இப்படிப் பக்கவாட்டுக் கதவு வழியாக வருபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

வக்கீல்களும் உண்டு. பிரிட்டனில் ராபின் டே பாரிஸ்டர் படிப்பு படித்தவர். 1955-ல் ஐடிஎன் என்ற தொலைக்காட்சிச் செய்தி நிறுவனம் தொடங்கியபோது சேர்ந்தார். அதுவரை அங்கே அமைச்சரைப் பேட்டி காண்பது என்றால், "மக்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று பணிவோடு கேட்பதுதான். போதாததற்குப் பதினான்கு நாள் விதி என்று ஒன்று வேறு இருந்தது: நாடாளுமன்றத்தில் அடுத்த இரண்டு வாரத்துக்குள் விவாதத்துக்கு வரும் விஷயத்தை ஒளிபரப்பில் அலசக் கூடாது. 1956-ல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தோடு பிரிட்டன் சண்டை போட்ட நெருக்கடியில் அந்த விதி ஆட்டம் கண்டு, 1957-ல் கைவிடப்பட்டது. அதே 1957-ல் டே கெய்ரோ போய் எகிப்து அதிபர் நாசரைப் பேட்டி எடுத்தார். சூயஸ் சண்டை ஓய்ந்து அதிக நாள் ஆகவில்லை, இரண்டு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவுகூடக் கிடையாது. அப்போது நேருக்கு நேர் உட்கார்ந்து, இஸ்ரேல் நிரந்தரமாக இருப்பதை ஏற்கிறீர்களா என்ற ரீதியில் குறுக்கு விசாரணை செய்தார். நீதிமன்றப் பழக்கம் தொலைக்காட்சிக்குள் நுழைந்துவிட்டது. இன்று உலகம் முழுக்க அரசியல் பேட்டி எடுப்பவர்கள் கொஞ்சமாவது அவருக்குக் கடன்பட்டவர்கள்.

அதே டே 1959-ல் லிபரல் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோற்றார். அப்புறம் பிபிசிக்கு வந்தார். 1979 முதல் பத்தாண்டுகள் மக்கள் கேள்வி கேட்கும் அரங்க நிகழ்ச்சியை நடத்தினார். கட்சிக்குப் போனவர் திரும்பி வந்து கேள்வி கேட்கலாமா? எனக்கு இதில் கறாரான விதி எதுவும் இல்லை. அமெரிக்காவின் டிம் ரஸ்ஸர்ட் ஜனநாயகக் கட்சிக்காரர்களான செனட்டர் மொய்னிஹானிடமும் கவர்னர் குவோமோவிடமும் வேலை பார்த்தவர். 1984-ல் என்பிசிக்கு வந்தார். 1991 கடைசியிலிருந்து 2008-ல் இறக்கும்வரை ஞாயிறு பேட்டி நிகழ்ச்சியை நடத்தினார். அவர் ஒரு கட்சிப் பக்கம் சாய்ந்தார் என்ற புகார் பெரிதாக எழாததற்குக் காரணம் அவருடைய முறை. எதிரில் இருப்பவர் முன்பு சொன்னதைத் தேதியோடு திரையில் போடுவார். "அன்று இப்படிச் சொன்னீர்கள், இன்று இப்படிச் சொல்கிறீர்கள், எது சரி?" எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் இதுதான். கேள்வியில் அவருடைய கருத்து இருக்காது. வந்தவரின் வார்த்தையே அவருக்கு எதிரே நிற்கும். ஆகவே, எங்கிருந்து வந்தார் என்பதைவிட, பழைய முதலாளியின் ஆட்களிடமும் அதே கேள்வியைக் கேட்கிறாரா என்று பாருங்கள். அது போதும்.

ரஸ்ஸர்ட்டைப் பற்றி இன்னொன்று. 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தல் இரவு. பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் புளோரிடா மாநில வெற்றியை முதலில் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்குக் கொடுத்தன, பின்வாங்கின. பிறகு எதிர் வேட்பாளர் புஷ்ஷுக்குக் கொடுத்தன, மறுபடியும் பின்வாங்கின. கணினித் திரைகள் மின்னிக்கொண்டிருந்த ஸ்டுடியோவில் ரஸ்ஸர்ட் ஒரு சின்ன வெள்ளைப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு மார்க்கர் பேனாவால் "புளோரிடா, புளோரிடா, புளோரிடா" என்று எழுதிக் காட்டினார். முழுத் தேர்தலும் அந்த ஒரு மாநிலத்தில்தான் தொங்கியது. கிராபிக்ஸுக்குக் கொட்டிய பணத்தைவிட அந்தப் பலகை அதிகம் சொன்னது.

நேரலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. செய்தியாளர் தனியாக நின்று பேசுவதாக வீட்டில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அவர் காதில் இயர்பீஸ் இருக்கிறது. அதில் பிசிஆரிலிருந்து, அதாவது ஒளிபரப்பை இயக்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து, ஒருவர் பேசிக்கொண்டே இருப்பார்: "இன்னும் முப்பது செகண்ட்... இழு, இழு, அடுத்த விஷுவல் வரவில்லை... சரி, முடி." ஒரு காதில் இதைக் கேட்டுக்கொண்டு, எதிரில் இருப்பவரின் பதிலை மறு காதில் வாங்கி, அதில் ஓட்டை எங்கே என்று பிடிக்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோருக்கும் பிசிஆர்தான் கேட்கும், பதில் கேட்காது. விருந்தினர் பெரிய குண்டைப் போட்டிருப்பார்; இவர் "நன்றி" சொல்லி முடித்துவிடுவார். வருஷங்கள் போகப் போகத்தான் காது பிரியும்.

இந்த "இழு, இழு" சமாசாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 1997 மே மாதம், பிபிசியில் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டார். சிறைத்துறைத் தலைவரின் முடிவை மாற்றப்போவதாக அவரை மிரட்டினீர்களா என்பதுதான் கேள்வி. ஹோவர்ட் பதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அரசியல் பேட்டிக்கு இலக்கணம் என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். பாக்ஸ்மனே பின்னால் சொன்ன விளக்கம், அடுத்து வரவேண்டிய வீடியோ தயாராகவில்லை, அதனால் நேரத்தை ஓட்டினேன் என்பது. இருக்கலாம். ஆனால் நேரத்தை ஓட்ட ஆயிரம் வழி இருக்கும்போது, பதில் வராத கேள்வியையே அவர் பிடித்துக்கொண்டாரே, அது தற்செயல் இல்லை. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே செய்தி சேகரித்துவிட்டு வந்தவர் அவர்.

இதற்கு நேர் எதிரான கதை பிரிட்டனின் டேவிட் ஃப்ராஸ்ட். பீட் பார்க்காதவர், அரசியல் நையாண்டி நிகழ்ச்சியில் பேர் வாங்கியவர். வாட்டர்கேட் ஊழலில் பதவி விலகிய முன்னாள் அமெரிக்க அதிபர் நிக்சனை, 1977-ல் ஒளிபரப்பான பேட்டிக்கு ஆறு லட்சம் டாலர் பேசி அவர் பிடித்தபோது பலர் சிரித்தார்கள். ஃப்ராஸ்ட் தன் குறையைத் தெரிந்துவைத்திருந்தார். ஆய்வுக்கென்றே ஆட்களை அமர்த்தினார். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ரெஸ்டன் ஜூனியர், யாரும் கவனிக்காத வாட்டர்கேட் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் ஒன்றை நீதிமன்ற ஆவணங்களிலிருந்து எடுத்து வந்தார். அதை ஃப்ராஸ்ட் கேமரா முன்னால் வாசித்தபோது நிக்சன் தடுமாறியது தெரிந்தது. பீட்டில் சேரவேண்டிய அறிவை அவர் காசு கொடுத்து, ஆள் வைத்து, குறுகிய காலத்தில் சேர்த்துக்கொண்டார். அந்த வசதி எல்லா நிறுவனத்திலும் கிடைக்காது. கிடைத்தாலும், ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் படிக்க வேண்டியவர் கேள்வி கேட்பவர்தான்.

இரவு நேர விவாத நிகழ்ச்சிகளைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று ஒலிப்பதிவுக்கு முன்னால் இங்கே கேட்டார்கள். சொல்லிவிடுகிறேன். ஆறு பேரை ஆறு கட்டத்தில் உட்கார வைத்தால் இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை. ஒருவர் நழுவும்போது அவரைப் பிடிக்க வேண்டிய நெறியாளர், அடுத்த கட்டத்துக்குத் திரும்பி "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார். சத்தம் இருக்கிறது, விசாரணை இல்லை. திறமையான பிள்ளைகள் இருபத்தெட்டு வயதில் அந்த நாற்காலியில் ஏற்றப்படுகிறார்கள். பீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. தொலைபேசியில் ஒரு தகவலைச் சரிபார்க்க அவர்களுக்கென்று ஒரு ஆள் இல்லை. ஏனென்றால் யாரோடும் வாசலில் நின்று பழகவில்லை. ரேட்டிங் குறையும்போது நிர்வாகம் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுக்கிறது.

நாற்காலி போனவர்களும், தாங்களே உதறிவிட்டு வந்தவர்களும் இப்போது யூடியூபில் சொந்தமாகச் சேனல் தொடங்குகிறார்கள். அங்கே காதில் பிசிஆர் இல்லை. முப்பது செகண்ட் கணக்கு இல்லை. ஒரே விருந்தினரிடம் ஒன்றரை மணி நேரம் பேசலாம், ஆறாவது, ஏழாவது கேள்விவரை தோண்டலாம். சிலர் அதைப் பிரமாதமாகச் செய்கிறார்கள். ஆனால் முதல் கேள்வியை எழுதித் தர டெஸ்க் இல்லை, தவறான தகவலை நிறுத்த மூத்த ஆசிரியர் இல்லை, வழக்கு வந்தால் நிற்க நிறுவனத்தின் வக்கீல் இல்லை. சந்தா கட்டுகிறவருக்குப் பிடிக்காத கேள்வியைக் கேட்டால் அடுத்த மாதம் வருமானம் குறைகிறது. முன்பு முதலாளி ஒருவர், இப்போது சில ஆயிரம் பேர்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.