ஸ்காபரோ யன்னலில் ஒரு மாங்கன்று

வணக்கம் நேயர்களே.

வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். சரி, பேசுகிறேன். ஆனால் நான் சொல்லப்போகிற தோட்டம் உப்புவெளியில் இல்லை. கனடாவில், ஸ்காபரோவில், என் மகள் வீட்டு யன்னலோரம் இருக்கிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு அந்தக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். வாரத்துக்கு ஒருவராவது கடைத்தெருவில் என்னை மறித்து, "ஐயா, லண்டனில் தம்பி மாங்கொட்டை நட்டவனாம், முளைக்கவில்லையாம், என்ன செய்யலாம்?" என்று விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன்.

முதலில் என் தோல்வி. முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன், அந்த மிதப்போடு ஒக்டோபரில் போய் இறங்கினேன். கடையில் வாங்கிய சிவப்பு மாம்பழம் ஒன்று, ரொமி அட்கின்ஸ் என்கிற இனம். தின்று முடித்துக் கொட்டையைக் கழுவி, சட்டியில் நட்டு, யன்னல் விளிம்பில் வைத்தேன். இங்கே செய்கிற மாதிரியே விடிந்ததும் ஒரு கோப்பை தண்ணீர். மூன்று வாரம் கழித்துக் கிண்டிப் பார்த்தால் கூழ். ஏழு வயதுப் பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மப்பா, இதுதான் உங்கட வேலையா இருந்ததா?" என்று கேட்டாள்.

பிழை எங்கே என்றால், நான் காற்றைப் பார்த்தேன், மண்ணைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் 21 பாகை. நமக்குச் சேர்ட்டோடு இருக்கலாம். ஆனால் இரவில் யன்னல் கண்ணாடியை ஒட்டியிருக்கிற சட்டி மண் அதைவிட நன்றாகக் குளிர்ந்துபோகும். மாங்கொட்டை முளைக்க 25 முதல் 30 பாகை வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறு அளவுக்கு வேண்டாம், நமது சித்திரை மாதத்து நிழல் மண் போதும். அந்தச் சூடு இல்லாவிட்டால் கொட்டை சும்மா கிடக்கும். பூஞ்சணம் சும்மா கிடக்காது. அதற்கு நான் நாள் தவறாமல் தண்ணீரும் வார்த்திருக்கிறேன்.

குளிர் என்றால் வெளிநாடு மட்டும்தான் என்றில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை மாசியில் சில விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படியும். நான் அங்கே உத்தியோகத்தில் இருந்தபோது, மூதூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் குவாட்டர்ஸ் முற்றத்தில் மாங்கன்று வைத்திருந்தார். நான் மாற்றலாகி வரும்வரை அது முழங்காலைத் தாண்டவில்லை.

இரண்டாம் முறை மார்ச்சில். இப்போது மெக்சிகோவிலிருந்து வருகிற மஞ்சள் மாம்பழம், தட்டையாக, சின்னதாக இருக்கும். அட்டால்ஃபோ என்பார்கள். கொட்டையின் ஓட்டைக் குசினிக் கத்தரிக்கோலால் ஓரமாக வெட்டிப் பிரித்தேன். உள்ளே இருக்கிற பருப்பு மெல்லிய மண்ணிறத் தோலோடு, சிறுநீரகம் மாதிரி வளைந்திருக்கும். அதற்குக் காயம் படக்கூடாது. ஈரக் கடதாசியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் போட்டு, பிரிட்ஜுக்கு மேலே வைத்தேன். பிரிட்ஜுக்கு உள்ளே அல்ல, மேலே. அங்கே எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். பன்னிரண்டாம் நாள் வெள்ளை வேர் எட்டிப்பார்த்தது. பிறகு ஒன்றல்ல, மூன்று முளை.

மருமகன் பயந்துபோனார். பயப்பட ஒன்றுமில்லை. சில மாவினங்களில் விதைக்குள் கருவைச் சுற்றியுள்ள தாயின் திசுவிலிருந்தே முளைகள் உண்டாகும். அவை தாயின் அச்சு. நம் வெள்ளைக்கொழும்பானும் அந்த ரகம்தான். கன்றுகள் ஒரே சீராக வருவதால்தான் அதை ஒட்டுக்கு அடிக்கன்றாக எடுக்கிறோம். ரொமி அட்கின்ஸ் போன்றவற்றில் ஒரு முளைதான். அது மகரந்தத்தால் வந்த பிள்ளை, தாயைப்போல் காய்க்கும் என்று யாரும் பொறுப்பு நிற்க முடியாது.

இன்னொன்று. வெண்டி விதை, மிளகாய் விதை காயவைக்கிற பழக்கத்தில் மாங்கொட்டையையும் வெயிலில் போடுகிறார்கள். போட்டால் செத்துவிடும். பலாக்கொட்டை, றம்புட்டான், ஆனைக்கொய்யா எல்லாம் அதே கதை. தின்ற கையோடு நடவேண்டும். பப்பாசி விதையைக் காயவைக்கலாம். ஆனால் மேலே வழுவழுவென்று இருக்கிற சவ்வு முளைப்பைத் தடுக்கும். அரிதட்டில் போட்டு அதைத் தேய்த்துக் கழற்றிவிட வேண்டும். ஊர்க் கொட்டையைப் பார்சலில் அனுப்பலாமா என்று கேட்காதீர்கள். கொட்டைக்குள்ளேயே குடியிருக்கிற ஒரு வண்டு உண்டு, அதையும் சேர்த்து அனுப்பிவிடுவீர்கள். சுங்கத்திலும் பிடிப்பார்கள். அங்குள்ள கடையில் பழம் வாங்கச் சொல்லுங்கள்.

ஏப்ரலில் எனக்கு விசா முடிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் வீடியோ அழைப்பில்தான். நான் சொன்னதில் பாதிக்கு மேல் தண்ணீர் பற்றித்தான். மாரிகாலத்தில் அங்கே பகல் ஒன்பது மணி நேரம்தான். நமக்கு மார்கழியிலும் பதினொன்றரைக்குக் குறையாது. வெளிச்சம் இல்லாத மரம் தண்ணீர் குடிக்காது. விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று, பத்து நாளானாலும் பரவாயில்லை என்றேன். மகளுக்கு மனம் கேட்காது. பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்க்கிறாள். குளிர்நாட்டு வீடுகளில் சாகிற மாங்கன்றுகளில் முக்கால்வாசி பாசத்தில்தான் சாகின்றன என்பது என் கணிப்பு. இதற்கு ஆய்வு ஒன்றும் கேட்காதீர்கள்.

ஜூனில் வெளியே வைக்கலாம். ஆனால் எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும். ஒரு வாரம் நிழல், பிறகு காலை வெயில், அதற்குப் பிறகுதான் முழு வெயில். செப்டெம்பரில் இரவு 12 பாகைக்கு இறங்கும்போது உள்ளே எடுத்துவிட வேண்டும். உறைபனி விழுகிற இரவு ஒன்று போதும், கதை முடிந்தது.

காய்க்குமா? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே, கொட்டையில் வந்த மரமே காய்க்க ஐந்தாறு வருடம் எடுக்கும். அங்கே வருடத்தில் நாலைந்து மாதம்தான் அது வளர்கிறது, அதுவும் சட்டிக்குள். தின்ன ஆசையென்றால் ஒட்டுத் தேசிக்கன்று வாங்கச் சொல்லுங்கள், யன்னலோரத்திலேயே காய்க்கும். மாமரத்தில் பழம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

எங்கள் கன்றுக்கு இப்போது நாலு வயது. பேத்தியின் தோள் உயரம். போன தைப்பொங்கல் காலையில் மகள் அழைத்து நிறைகுடத்தைக் காட்டினாள். வெளியே மைனஸ் பதினேழு. தேங்காயைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று ஐந்து மாவிலை.

"எங்கை பிள்ளை வாங்கினாய்?"

"வாங்கவில்லை அப்பா."

போனைத் திருப்பிக் கன்றைக் காட்டச் சொன்னேன். எண்ணினேன். பதினாலு இலை மிச்சம். நடு மாரியில் இலை பறிக்கிறதா என்று ஏசினேன். சாமிக்குத்தானே என்றாள். பின்னால் பேத்தி, காம்பில் பால் வடிந்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த தளிர் சித்திரையில்தான் வந்தது, செம்பு நிறத்தில், தொங்கிக்கொண்டு. வாடிவிட்டது என்று நினைத்து அதற்கும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

நன்றி, வணக்கம்.